6. குரல் வாசிக்க, கண் தொடர

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அறிவியல் புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை பற்றிய பத்தியை வாசிக்கச் சொன்னேன். ஆறே வரி. "ஒ... ளி... ச்... சே..." என்று விரல் வைத்துத் தொடங்கினாள். 'க்கை'யை எட்டுவதற்குள் 'ஒளி' நினைவை விட்டு நழுவியிருந்தது. மறுபடி முதலிலிருந்து. ஆறு வரியை முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. "என்னம்மா சொல்லியிருக்காங்க?" என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். புத்தகத்தை வாங்கி அதே பத்தியை நிதானமாக வாசித்துக் காட்டினேன். முடித்த கணமே கேட்டாள்: "அப்ப ராத்திரியில செடி என்ன செய்யும் டீச்சர்?"

பாடம் புரியாத பிள்ளையால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அறிவியலைப் புரிந்துகொள்ளும் தெம்பு அவளிடம் நிறையவே இருந்தது. அதன் வாசற்படியில் எழுத்து குறுக்கே படுத்திருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கைபேசியிலும் கணினியிலும் உள்ள வாசிப்புக் குரலை எப்படித் துணையாக்குவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆசிரியர், பெற்றோர், மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர் என யாரும் இதைப் பின்பற்றலாம்.

## வாசிப்பு என்பது இரண்டு வேலை

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், பேசக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். கூட்டல் கணக்காக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பெருக்கல் என்பதால், ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

நம் ஊரில் 'எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்' என்று சொல்வது இதில் முதல் வேலையை. அதிலேயே முழுத் தெம்பும் கரைந்துவிடும் பிள்ளைக்கு இரண்டாவது வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது. வாசிப்புக் குரல் முதல் வேலையின் சுமையைக் கொஞ்ச நேரம் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கருவியின் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரே கர்ஸ்வைல் 1976-இல் அமெரிக்காவில் வெளியிட்ட வாசிப்பு எந்திரம் பார்வையற்றோருக்காகச் செய்யப்பட்டது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கி, இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் என்விடிஏ திரைவாசிப்பானும் அப்படியே. அந்தக் கருவிகள் கண்ணை எதிர்பார்ப்பதில்லை, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் பார்வையுள்ள, எழுத்தில் திணறும் பிள்ளையின் கையில் அதே கருவியைக் கொடுக்கும்போது கண்ணை நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காது கேட்டுக்கொண்டிருக்க, கண் ஜன்னலுக்கு வெளியே திரிந்தால் பாடம் ஒருவேளை புரியலாம். வாசிப்பு ஓர் அடியும் முன்னேறாது.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: குரல் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ, அந்தச் சொல்லின் மேல் பிள்ளையின் கண் இருக்க வேண்டும்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? சாரா வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வாசிப்பில் சிரமப்படும் மாணவர்களின் புரிதலுக்கு வாசிப்புக் குரல் ஓரளவு கைகொடுக்கிறது என்று காட்டியது. அந்த 'ஓரளவு' முக்கியம். ஆசிரியரின் இடத்தைக் குரல் நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

## யாருக்கு உதவும்?

- டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள். அறிவுக்கூர்மை இருந்தும் எழுத்தோடு ஒலியைப் பொருத்துவதில் தொடர்ந்து தடுமாறுபவர்கள்.
- பார்வைக் குறைவு உள்ளவர்கள். எழுத்தைப் பெரிதாக்கியும் கண் சீக்கிரம் களைத்துப்போகிறவர்கள்.
- வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவர்கள்.
- தெருவில் தமிழ் பேசப் பழகிவிட்டு, எழுத்துக்குப் புதியவர்களாக இருப்பவர்கள். வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இதில் அதிகம்.
- தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பவர்கள். ஒரு சொல்லின் உச்சரிப்பைக் கேட்டாலே இவர்களுக்குப் பாதித் தயக்கம் போய்விடும்.

மொழியே தெரியாத பிள்ளைக்குக் குரல் மட்டும் போதாது. 'பச்சையம்' என்றால் என்னவென்று தெரியாதவனுக்கு அதை எத்தனை முறை ஒலித்தும் பயனில்லை. அங்கே முதலில் வேண்டியது இலையும் பேச்சும்.

எதையும் தொடங்குமுன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். 'மக்கு' என்று பின் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்குக் கண்ணாடி மட்டுமே தேவையாக இருந்ததை ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

## முதல் கேள்வி: இன்றைக்கு என்ன வேலை?

கருவியைத் திறக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது பிள்ளை எழுத்தைப் பழக வேண்டுமா, பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமா?

பாடம் புரிய வேண்டும் என்றால், தயக்கமில்லாமல் குரலை முதலிலேயே கொடுங்கள். சமூக அறிவியல் பாடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, வேகமாக எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை. எழுத்து வரட்டும், பிறகு பாடம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளை வாசிப்பில் பின்தங்குவது போதாதென்று எல்லாப் பாடத்திலும் பின்தங்கிப்போகும்.

எழுத்துப் பழக வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். பிள்ளை முதலில் முயல வேண்டும். முட்டி நிற்கும் சொல்லுக்கு மட்டும் குரல் உதவிக்கு வரும். இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம். இரண்டு வகுப்புக்குக் கீழான, எளிய, பிள்ளைக்குப் பிடித்த கதை போதும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிள்ளையே வாசிக்க, கருவி கேட்டுத் திருத்தும் செயலிகளும் இந்த இரண்டாவது வகைக்குத்தான். கூகுளின் ரீட் அலாங் அப்படிப்பட்டது. 2019-இல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வந்து, பிறகு தமிழுக்கும் விரிந்தது. 2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் நடந்த வாசிப்பு மாரத்தான் அந்தச் செயலியை வைத்துத்தான் நடந்தது. தவறாக வாசித்தாலும் முகம் சுளிக்காத துணை கிடைத்தால் கூச்சப்படும் பிள்ளையும் வாய் திறக்கும்.

## குரலை அமைத்தல்

ஆண்ட்ராய்டு கைபேசியில்: அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் சென்று 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்பதைத் திறந்து, கூகுளின் குரலைத் தேர்ந்து, தமிழ்க் குரல் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் பேசும். டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளுக்கு இது பெரிய வசதி. அதே அணுகல்தன்மைப் பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியை இயக்குங்கள். திரையில் ஒரு சிறு பொத்தான் தோன்றும். அதைத் தொட்டு, வாசிக்க வேண்டிய பத்தியைத் தொட்டால் குரல் வாசிக்கும். வாசிக்கும் சொல் நிறம் மாறிக்கொண்டே போகும். நம் விதிக்குத் தேவையானது இந்த நிற மாற்றம்தான்.

பக்கத்திலேயே 'டாக்பேக்' என்ற வசதியும் இருக்கும். அது பார்வையற்றோருக்கானது. தெரியாமல் இயக்கிவிட்டால் கைபேசி தொடுகைக்கு வேறுவிதமாக நடந்துகொள்ளும். பதற்றத்தில் பல பெற்றோர் கைபேசி பழுதாகிவிட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள். இரண்டின் வேறுபாட்டையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கணினியில்: மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். தமிழில் பல்லவி, வள்ளுவர் என்ற இந்தியக் குரல்கள் இருக்கின்றன. இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. எல்லாவற்றையும் ஒரு பத்திக்கு ஓடவிட்டு, எந்தக் குரல் வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். தானே தேர்ந்த குரலைப் பிள்ளை அதிக நேரம் கேட்கும். இந்தக் குரல்களுக்கு இணையம் வேண்டும். இணையமில்லாத கணினியில் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும். ஒலி எந்திரத்தனமாக இருக்கும். ஆனால் பழைய கணினியிலும் தடையில்லாமல் ஓடும்.

எட்ஜிலேயே உள்ள 'இம்மெர்சிவ் ரீடர்' பக்கத்திலுள்ள விளம்பரங்களை அகற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரே வரியை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டும். வரி மாறும்போது இடம் தவறவிடும் பிள்ளைக்கு இது அருமருந்து.

வேகம்: குரலின் வேகத்தை முதல் வாரம் குறைத்தே வையுங்கள். சரியான வேகம் எது என்பதைப் பிள்ளையின் விரல் சொல்லும். சொல்லுக்குக் கீழே விரல் குரலோடு நகர்ந்தால் வேகம் சரி. விரல் பின்தங்கினால் குறையுங்கள். விரல் முந்திக்கொண்டு போனால் சந்தோஷமாகக் கூட்டுங்கள்.

## பாடத்தைக் குரலுக்குத் தயாரித்தல்

பலர் மனம் தளர்ந்து கைவிடுவது இந்த இடத்தில்தான். கைபேசி தமிழ் பேசும். ஆனால் பாடத்தின் பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் வாயடைத்துப்போகும், அல்லது உளறும். குற்றம் குரலுடையதில்லை, கோப்பிலுள்ள எழுத்துருவின் குறியாக்கம்.

ஒரு சோதனை செய்யுங்கள். கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்து, நகலெடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டுங்கள்.

1. தமிழாகவே வந்தால் அது யூனிகோடு. நேராகக் குரலுக்குக் கொடுக்கலாம்.
2. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கம். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறேதோ. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் இட்டு யூனிகோடாக்குங்கள்.
3. ஒன்றுமே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். ஓசிஆர் என்னும் எழுத்துணரிக்குக் கொடுக்க வேண்டும். படத்தையோ பிடிஎஃப்பையோ கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும்.

கையிலுள்ள அச்சுப் புத்தகத்துக்கும் மூன்றாவது வழிதான். பகல் வெளிச்சத்தில், பக்கத்தைத் தட்டையாக வைத்து, விரல் நிழல் விழாமல் படமெடுங்கள். பத்தி இரண்டு நெடுவரிசையாக இருந்தால் தனித்தனியாக எடுங்கள். இல்லையேல் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மாற்றிய உரையை அப்படியே பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை நீங்களே கேட்டபடி திருத்துங்கள். கண்ணில் படாத பிழையும் காதில் இடறும். இவற்றைக் குறிப்பாகப் பாருங்கள்:

- துணைக்காலும் 'ர'வும். 'பாடம்' என்பது 'பரடம்' என்று மாறியிருக்கும்.
- ஔகாரக் குறியும் 'ள'வும். 'கௌரவம்' என்று இருக்க வேண்டியது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உடைந்து 'கெளரவம்' ஆகியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். குரல் மட்டும் 'கெ-ள-ர-வம்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.
- விழுந்துபோன புள்ளி. 'பக்கம்' என்பது 'பககம்' ஆகும்.
- ண, ன மயக்கம். இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பாவது.
- வரியின் கடைசியில் உடைந்த சொல். உடைந்த இடத்தில் குரல் மூச்சு விடும். பிள்ளை அதை இரண்டு சொல்லாகக் கேட்கும்.

ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பள்ளியில் நான்கு ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பாடமாகப் பிரித்துக்கொண்டால், செய்த வேலை அடுத்த ஆண்டு மாணவருக்கும் பயன்படும்.

பாடத்துக்கு வெளியே வாசிக்க, ஆயத்த யூனிகோடு உரைகள் ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான நூல்கள் வரை உண்டு. தமிழ் விக்கிமூலமும் அப்படியே.

## தமிழில் குரல் இடறும் இடங்கள்

தமிழ் எழுத்து ஒலிக்கு நெருக்கமானது என்பதால் ஆங்கிலத்தைவிடத் தமிழைக் குரல் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கும். ஆனாலும் சில இடங்களில் இடறும். அவற்றைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட்டால், 'மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற குருட்டு நம்பிக்கை வராது.

வல்லின ஒலிகள். 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று. இடத்தைப் பார்த்துக் குரல் ஊகித்துக்கொள்ளும். காந்தி, பாரதி, தயாளன் போன்ற பெயர்களில் சில குரல்கள் முதலெழுத்தை அழுத்தி வாசித்து, பெயரையே மாற்றிவிடும்.

சுருக்கக் குறிகள். செ.மீ., எ.கா., கி.மு. என்று வரும் இடங்களில் புள்ளியைப் பார்த்து வாக்கியம் முடிந்தது என்று சில குரல்கள் நின்றுவிடும். திருத்தும்போதே 'சென்டிமீட்டர்', 'எடுத்துக்காட்டு' என்று விரித்து எழுதிவிடுங்கள்.

கணக்கும் அட்டவணையும். பின்னம், அடுக்கு, வேதியியல் வாய்பாடு, அட்டவணை இவற்றைக் குரலிடம் விடவே வேண்டாம். அருகில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

செய்யுள். சீர் பிரித்த செய்யுளில் சொல் எங்கே முடிகிறது, சீர் எங்கே முடிகிறது என்று குரலுக்குத் தெரியாது. ஓசையும் வராது. செய்யுளை ஆசிரியரின் வாயால் கேட்பதே முறை. உங்கள் குரலைக் கைபேசியில் பதிவு செய்து கொடுங்கள். பிள்ளைக்கு அதைவிட நல்ல 'வாசிப்புக் குரல்' கிடையாது. அந்தச் செய்யுளின் உரைநடைப் பொருளைக் கருவியிடம் கேட்கலாம்.

இன்னொன்று, குரலின் குற்றமில்லை. நம் எழுத்தின் இயல்பு. 'கெ', 'கே', 'கை' இவற்றில் கொம்பும் ஐகாரக் குறியும் முன்னே நிற்கின்றன. ஒலி பின்னே வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. எழுத்தெழுத்தாக இடமிருந்து வலம் கூட்டும் பிள்ளைக்கு இது பெரிய பொறி. நிறம் மாற்றிக் காட்டும் கருவி சொல் முழுவதையும் ஒரே வீச்சில் காட்டுவதால், 'கொடி'யைக் கொம்பு, 'க', கால் என்று சிதறவிடாமல் ஒரே உருவமாகப் பிடித்துக்கொள்ளப் பிள்ளை பழகுகிறது.

## ஒரு பாடம், இருபத்தைந்து நிமிடம்

நான் பின்பற்றும் முறை இது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம்.

1. பேச்சு (3 நிமிடம்). கருவியைத் தொடுமுன் பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். படத்தைப் பாருங்கள். நான்கைந்து கடினச் சொற்களைப் பலகையில் எழுதி, பொருள் சொல்லி, பிள்ளையையும் சொல்லவையுங்கள்.
2. முழுதாகக் கேட்டல் (5 நிமிடம்). ஒரு பக்கத்தைக் குரல் வாசிக்கும். பிள்ளையின் விரல் தொடரும். நிறுத்த வேண்டாம். முடிந்ததும் 'எதைப் பத்தின பாடம்?' என்ற ஒரே கேள்வி.
3. பத்தி பத்தியாகக் கேட்டல் (8 நிமிடம்). இப்போது நிறுத்தும் பொத்தான் பிள்ளையின் கையில். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, தன் சொல்லில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்ல வராவிட்டால் அதே பத்தியை மறுபடி ஓட்டலாம். குரல் சலித்துக்கொள்ளாது என்பது அதன் பெரிய நல்ல குணம்.
4. சேர்ந்து வாசித்தல் (5 நிமிடம்). ஒரே ஒரு பத்தி. குரலோடு சேர்ந்து பிள்ளையும் வாய்விட்டு வாசிக்கட்டும். இரண்டாம் முறை ஒலியைக் குறையுங்கள். மூன்றாம் முறை குரலை நிறுத்திவிட்டுப் பிள்ளை மட்டும்.
5. எழுதுதல் (4 நிமிடம்). கேட்டதில் புதிதாகத் தெரிந்த ஒன்று, கேட்க விரும்பும் கேள்வி ஒன்று. பிழை பார்க்க வேண்டாம்.

நான்காம் படியைத் தவிர்த்துவிட நேரம் எப்போதும் நம்மைத் தூண்டும். தவிர்க்காதீர்கள். முதல் மூன்று படிகள் பாடத்தைக் கொடுக்கின்றன. நான்காவது, வாசிப்பைக் கொடுக்கிறது.

## தன் கட்டுரையைத் தானே கேட்டல்

வாசிக்க மட்டும் குரலைப் பயன்படுத்துவது பாதிப் பயன். பிள்ளை எழுதியதை அதன் காதாலேயே கேட்கவிடுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்த ஐந்து வாக்கியத்தைக் குரலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'அம்மா கடைக்குப் போனார்' என்று எழுத நினைத்து, புள்ளியை விட்டு 'அமமா' என்று எழுதியிருந்தான். நான் மூன்று முறை சிவப்பு மையில் வட்டமிட்டும் அவன் கண்ணில் அது படவேயில்லை. அதையே கைபேசியில் தட்டச்சு செய்யவைத்தேன். குரல் 'அ-ம-மா' என்று வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஐயோ, புள்ளி!" நான் சொல்லித் திருந்துவதற்கும், தானே கண்டு திருத்துவதற்கும் உள்ள தூரம் பெரிது. அன்று முதல் அவன் நோட்டில் மற்றப் பிழைகள் இருந்தன. புள்ளி மட்டும் பெரும்பாலும் விடுபடவில்லை.

கையெழுத்தில் திணறும் பிள்ளைக்குக் குரல்வழித் தட்டச்சும் உண்டு. வாயால் சொன்னதைக் கைபேசி எழுத்தாக்கும். பேச்சுத்தமிழில் சொன்னால் அதுவும் பேச்சுத்தமிழாகவே, சில சமயம் தாறுமாறாகவே எழுதும். அதைக் கேட்டு, எழுத்துநடைக்கு மாற்றுவதையே ஒரு பயிற்சியாக்குங்கள்.

## வகுப்பறையில் கூச்சம்

நாற்பது பேர் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையின் காதில் மட்டும் இயர்போன் இருந்தால், அடுத்த நாள் அது பையைவிட்டு வெளியே வராது. கருவி நல்லதா என்பதைவிட, எல்லோர் முன்னிலும் எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா என்பதே பிள்ளைக்குப் பெரிய கேள்வி. ஆகவே முதல் வாரம் வகுப்பு முழுவதற்கும் ஒலிபெருக்கியில் கேட்கவையுங்கள். எல்லோரும் விரல் வைத்துத் தொடரட்டும். அடுத்த வாரம் கேட்டு வாசிக்கும் மூலை ஒன்றை ஏற்படுத்துங்கள். யார் வேண்டுமானாலும் முறைவைத்துப் போகலாம். பாடத்தை வேகமாக வாசிக்கும் மாணவரும் ஆங்கில உச்சரிப்புக் கேட்க அங்கே வருவார்கள். தேவைப்படும் பிள்ளை அவர்களில் ஒருவராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் என்றால், மாலையில் இருபது நிமிடத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். குரல் தரவும் பாடமும் முன்பே இறக்கி வைத்திருந்தால் டேட்டாவை அணைத்துவிட்டே பயன்படுத்தலாம். வேறு எங்கும் விரல் போகாது.

## உரிமையும் தேர்வும்

இதைச் சலுகையாக நினைத்துக் கெஞ்ச வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அதில் அடங்கும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை இல்லை.

அச்சுப் புத்தகத்தை ஒலியாக்கினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று பல பள்ளிகள் தயங்குகின்றன. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், குறைபாடு உள்ளவருக்காக அவர் வாசிக்கத்தக்க வடிவில் நூலை மாற்ற இடம் தருகிறது. இதே நோக்கத்துடன் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. வாசிப்புக் குறைபாடும் அதன் வரம்புக்குள் வருகிறது. மாற்றிய கோப்பை அத்தகைய பிள்ளைகளுக்காக மட்டும் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 2016 ஆகஸ்டில் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில், சான்று உள்ளவர்கள் உறுப்பினராகி மாற்றப்பட்ட நூல்களை நேரடியாகவே பெறலாம்.

பொதுத்தேர்வுக் கூடத்தில் இந்தக் குரல் துணைக்கு வரும் என்று நம்பியிருக்காதீர்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற ஏற்பாடுகளுக்கு உரிய சான்றுடன் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்ததும் பயிற்சியை அதற்கேற்ப மாற்றுங்கள்: கருவியின் குரலுக்குப் பதில் ஒரு மனிதர் வினாவை வாசிக்க, பிள்ளை விடை சொல்ல, அவர் எழுத வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் 'இன்னொரு தடவை வாசிங்க' என்று கேட்கவே தனிப் பயிற்சி வேண்டும்.

## முன்னேற்றம் தெரிகிறதா?

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே அளவான புதிய பத்தி ஒன்றை எடுத்து மூன்றை மட்டும் குறியுங்கள்:

- குரல் இல்லாமல் வாசிக்கும்போது முட்டி நின்ற சொற்கள் எத்தனை?
- குரலோடு கேட்ட பிறகு ஐந்து கேள்வியில் எத்தனைக்கு விடை வந்தது?
- இந்த இரண்டு வாரத்தில் பிள்ளை தானாகக் குரலை நிறுத்திவிட்டுச் சொந்தமாக வாசித்த தருணங்கள் எத்தனை?

இரண்டு மாதமாகியும் முதல் எண் குறையவில்லை என்றால் கண் தொடரவில்லை என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்புங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் சிறப்பாசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எழுத்து-ஒலிப் பயிற்சியை அடிப்படையிலிருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

மூன்றாம் எண்ணை நான் முன்பெல்லாம் குறித்ததில்லை. ஒளிச்சேர்க்கை படித்த அந்த மாணவிதான் அதைக் கற்றுக்கொடுத்தாள். நான்காம் மாதம், சுவாசம் பற்றிய பாடம். குரல் இரண்டு வரி வாசித்திருக்கும். பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஏதோ கோளாறு என்று எழுந்து போனேன். "இருங்க டீச்சர், இது ராத்திரியில செடி என்ன செய்யும்னு போட்டிருக்கு" என்றாள், விரலைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல். பிறகு மெதுவாக, எழுத்துக்கூட்டி, தானே வாசிக்கத் தொடங்கினாள்.

## இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண், காது சோதனை முடிந்ததா என்று கேளுங்கள்.
2. உங்கள் கைபேசியில் தமிழ்க் குரலை இறக்கி, 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியை நீங்களே மூன்று நாள் பழகுங்கள்.
3. ஒரு பாடத்தின் ஒரு பக்கத்தை யூனிகோடாக்கி, காதால் கேட்டுத் திருத்துங்கள்.
4. இருபத்தைந்து நிமிட முறையை இரண்டு நாள் செய்து பாருங்கள்.
5. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்களையும், பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றையும் எழுதி வையுங்கள்.